நான் சொல்லும் வரை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று ஒரே வார்த்தையில் எழுதினால் நீ நம்பமாட்டாய். இடது கையால் ஒரு முழுப் பக்கம் எழுதுகிற அளவுக்கு நலம் என்று வைத்துக்கொள். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். ஒன்றாம் வகுப்பில் எழுதச் சொல்லித்தரும்போது தலையில் குட்டுவாயே, இப்போது குட்ட முடியாத தூரத்தில் இருக்கிறாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று கேட்காதே. பக்கவாதம் வந்து பதினான்கு மாதம் ஆகியும் நாக்கு முழுதாக என் வசத்துக்கு வரவில்லை. அவசரப்பட்டால் வார்த்தை பாதியில் சிக்கிக்கொள்கிறது. எதிர்முனையில் இருப்பவர்கள் பாவம் பார்த்து என் வாக்கியத்தை அவர்களே முடித்துவிடுகிறார்கள். நீயும் போன வாரம் இரண்டு தடவை முடித்தாய். இரண்டு தடவையும் நான் சொல்ல வந்தது அதுவல்ல. காகிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது, வார்த்தை வரும்வரை பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

இங்கே நிலவரம் இதுதான். பிசியோதெரபிக்கு வருகிற பெண் வாரம் இரண்டு நாள் வருகிறாள். கைத்தடியோடு மாடி நடைபாதையில் இருபது தடவை போய் வருகிறேன். மூன்று மாடியும் ஏறி இறங்கிவிட்டேன். இனி தெருவில் நடந்து பழகுங்கள் என்று அவள் போன மாதமே சொல்லிவிட்டாள். என் வீட்டுக்காரி விட்டால்தானே. தெருவில் நடக்க வலது கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும் பட்டைச் செருப்பு வேண்டும். காலையில் பள்ளிக்கூட அலுவலகத்துக்குக் கிளம்பும்போது அதை எடுத்து அலமாரி உச்சியில் வைத்துவிட்டுப் போகிறாள். இருபத்தாறு வருஷம் லிப்ட் கூண்டின் தலைமேல் நின்று பன்னிரண்டு மாடி உயரத்தில் வேலை பார்த்த மெக்கானிக் நான். இப்போது அலமாரி உச்சி எட்டவில்லை. லிப்டுக்குள் தனியாக நிற்கவும் அனுமதி இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை எங்கள் பட்டறை போர்மேன் வீட்டுக்கு வந்திருந்தார். பட்டறையில் ஒரு மேஜை காலியாகிறதாம். கட்டடங்களிலிருந்து கழற்றி வருகிற சர்க்யூட் போர்டு, கதவுப் பூட்டு எல்லாவற்றையும் மீட்டர் வைத்துச் சோதித்து நல்லது, கெட்டது என்று சீட்டுக் கட்ட வேண்டும். "இதுக்கு ஒரு கை போதும்பா, மிச்சத்துக்கு உன் மூளை இருக்கு" என்றார். பிப்ரவரி 12, திங்கட்கிழமை, காலை எட்டரைக்கு நானே பஸ் ஏறி வந்து சேர வேண்டும். துணைக்கு ஆள் கூடாது, பட்டறைக்குள் வெளி ஆளை விடமாட்டார்கள். நான்கு நாள் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்வார்கள். அன்றைக்கு நான் போகாவிட்டால் மேஜை வேறு கிளை ஆளுக்குப் போய்விடும்.

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரி டீயை அவர் முன்னால் வைத்துவிட்டு, இப்போது வேண்டாம் சார் என்று முடித்துவிட்டாள். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அக்கா, எனக்கு அந்த மேஜை வேண்டும். வேறு எதுவும் இப்போது வேண்டாம்.

உன் தம்பி


ஜனவரி 17

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எழுத்து கோணல்தான். வலது கையால் எழுதிய காலத்திலும் இப்படித்தான் இருந்தது, பழியை நோய்மேல் போடாதே. வாக்கியத்தை முடித்ததற்கு மன்னித்துக்கொள். வேலையில் அடுத்தவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன், வீட்டில் அதே தப்பைச் செய்கிறேன்.

எங்கள் ஆராய்ச்சியைப் பற்றி நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஆஸ்பத்திரியின் பழைய எக்ஸ்ரே அறையைத்தான் அலுவலகமாகக் கொடுத்திருக்கிறார்கள். ஜன்னல் இல்லை, மூன்று பேர், இரண்டரை நாற்காலி. பக்கவாதம் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆனவர்களின் வீட்டுக்குப் போய் நாற்பது கேள்வி கேட்கிறோம். கை எவ்வளவு தூக்குகிறது, கால் எவ்வளவு மடங்குகிறது என்பதல்ல. அதைத்தான் எல்லாரும் கேட்டாயிற்றே. கடைக்குப் போகிறீர்களா, சிநேகிதர்களைப் பார்க்கிறீர்களா, வேலைக்குத் திரும்பினீர்களா, போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது யார், இப்படி. மனிதர்கள் மறுபடி மனிதர்களோடு கலந்திருக்கிறார்களா என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டும்.

இதில் பெரிய தலைவலி, கேள்வியை நோயாளியிடம் கேட்டால் பதில் சொல்வது மகன், மருமகள், அண்ணன், பக்கத்து வீட்டுக்காரர். நோயாளி நடுவில் சாமான் மாதிரி உட்கார்ந்திருப்பார். அதற்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்பேன். அவர்கள் சமையலறைக்குப் போய் வருவதற்குள் இவரிடம் இரண்டு கேள்வி கேட்டுவிடுவேன். ஆராய்ச்சிக்காக ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் குடிக்கிறேன். அடுத்த கேள்வி, அந்த வீட்டில் கழிப்பறை எங்கே என்பதுதான்.

உன் விஷயம். கோபப்படாமல் படி. உன் மனைவி உன்னை வேண்டுமென்று அடைத்து வைக்கவில்லை. அவள் பயப்படுகிறாள். நீ சமையலறையில் விழுந்தபோது பார்த்தவள் அவள், நாமெல்லாம் பிறகு வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை அவளிடம் போனில் பேசினேன். எப்படிப் பார்த்துக்கொள்கிறாய் என்று கேட்டதற்கு, "நீங்க சொன்ன மாதிரியேதான் அண்ணி" என்றாள். நான் என்ன சொன்னேன் என்று எனக்கே ஞாபகமில்லை, ஆனாலும் கேட்க நிறைவாக இருந்தது. அவளோடு உட்கார்ந்து பொறுமையாகப் பேசு. ஒரு மேஜை போனால் இன்னொரு மேஜை வரும்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 24

அக்காவுக்கு,

இன்னொரு மேஜை வராது. லிப்ட் பட்டறையில் மேஜை மரத்தில் காய்ப்பதில்லை.

பொறுமையாகப் பேசு என்றாய். பேசினேன். ஒரு வாக்கியம் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆகிறது, அவளுக்கு வேண்டாம் என்று சொல்ல ஒரு நொடிகூட ஆவதில்லை. காரணம் கேட்டேன். சொல்லவில்லை. யாராவது சொல்லியிருக்கிறார்களா என்றும் கேட்டேன். கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவளுக்கு என்னைப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது என்று நினைக்கிறேன். கோணிய வாயும் இழுத்த காலுமாக இவர் என் புருஷன் என்று தெருவில் காட்ட விருப்பமில்லை. வேறு என்ன காரணம் இருக்க முடியும்? சத்தம் போட்டாலாவது பரவாயில்லை. எல்லாவற்றையும் மெல்லிய குரலில், மருந்து கொடுக்கிற மாதிரியே சொல்கிறாள்.

நன்றாக யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். 12ஆம் தேதி என்னை விடவில்லை என்றால் உன் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். தையல் மெஷின் வைத்திருக்கிறாயே, அந்த அறை போதும். அலமாரி உச்சியில் எதையும் வைக்காத வீடாக இருந்தால் சரி. இருபத்திரண்டு வருஷம் ஒன்றாக இருந்தாயிற்று, இனி அவள் அவள் பாட்டைப் பார்க்கட்டும், நான் என் பாட்டைப் பார்க்கிறேன். இதை எழுதும்போது எனக்கு வலிக்கிறது, ஆனால் அடித்து எழுத மாட்டேன்.

அறை உண்டா இல்லையா என்று மட்டும் எழுது.

தம்பி


ஜனவரி 30

அன்புத் தம்பிக்கு,

அறை எப்போதும் உண்டு. ஆனால் நீ வரும்படி இருக்காது என்று நினைக்கிறேன். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. படித்து முடிக்கும்வரை கிழிக்காதே.

நேற்று ஒரு பேக்கரி மாஸ்டர் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கவாதம் வந்து இரண்டரை வருஷம் ஆகிறது. ஆள் நன்றாக நடக்கிறார். வீட்டைவிட்டு வெளியே போவதுண்டா என்று கேட்டால், அப்பா எங்கேயும் போவதில்லை என்று மகன் பதில் சொல்கிறான். வழக்கம்போலத் தண்ணீர் கேட்டேன். மகன் உள்ளே போனதும் அவரிடம் ஏன் என்று கேட்டேன். "போகலாம்னு யாரும் சொல்லலையேம்மா" என்றார்.

பிரிட்ஜ் கதவைக் காட்டினார். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது கொடுத்த தாள் ஒட்டியிருந்தது. மஞ்சளாகி, ஓரம் சுருண்டு. 'தனியாக வெளியே செல்லக் கூடாது.' ஆறு வாரம் கழித்து வரச்சொன்னார்களாம், போனபோது டாக்டர் மாறியிருந்தாராம், புது டாக்டர் மாத்திரையை மட்டும் பார்த்து அனுப்பிவிட்டாராம். தாள் அப்படியே இருந்துவிட்டது. அந்த மனிதர் இரண்டரை வருஷமாகத் தன் பேக்கரியின் வாசலைக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. எவ்வளவு நாளைக்கு என்று எழுதாமல் தடை போட்ட மகராசன் யார் என்று நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டேன்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஞாபகம் வந்தது. மூன்று பஸ்ஸை விட்டுவிட்டேன்.

நீ ஆஸ்பத்திரியில் இருந்த முதல் வாரம் நான் வந்திருந்தேன் அல்லவா. ஊருக்குத் திரும்பும் அன்று நடைபாதை பெஞ்சில் உன் மனைவியை உட்காரவைத்து, மருந்துக்கடை ரசீதின் பின்பக்கத்தில் ஒன்பது விஷயம் எழுதிக் கொடுத்தேன். கடைசியாக எழுதியது இதுதான்: 'நான் சொல்லும் வரை தனியாக வெளியே விடாதே.' அதற்கும் கோடு போட்டேன். அன்றைக்கு அது சரி. உனக்கு உட்காரவே பிடிமானம் வேண்டியிருந்தது. தப்பு என்னவென்றால், நான் பிறகு சொல்லவே இல்லை. பஸ் ஏறினேன், வேலையைப் பார்த்தேன், மறந்துவிட்டேன். பதினான்கு மாதமாக அவள் என் வார்த்தைக்காகக் காத்திருக்கிறாள். நீங்க சொன்ன மாதிரியேதான் அண்ணி என்று அவள் சொன்னபோதெல்லாம் நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

பிசியோதெரபிப் பெண் சொல்லியும் விடவில்லை என்றால், ஆராய்ச்சி செய்கிற அண்ணிக்கு அவளைவிட அதிகம் தெரியும் என்று நம்பியிருக்கிறாள். அவளுக்கு வெட்கம் என்று நீ எழுதியிருந்தாய். வெட்கப்பட வேண்டியவள் நான்.

அவளுக்குப் போன் போட்டேன். குரலைக் கேட்டதும் சொல்ல வாய் வரவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். பிறகு யோசித்தால் அதுவும் நல்லதுதான். அவளிடம் மட்டும் சொல்லியிருந்தால், பரவாயில்லை அண்ணி என்று சொல்லி உன்னிடம் மறைத்திருப்பாள். உனக்குத் தெரிய வேண்டும். உள்ளே அவளுக்கும் ஒரு தாள் வைத்திருக்கிறேன். அதில் ஒரே வரிதான்: 'போகலாம். சொல்லிவிட்டேன். தாமதத்துக்கு மன்னித்துவிடு.'

தேதிக்கு இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது. ஒரு தடவை இருவரும் சேர்ந்து பஸ்ஸில் போய்ப் பாருங்கள், படி எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் கம்பி இருக்கிறது என்று. மறுதடவை நீ மட்டும்.

அக்கா


பிப்ரவரி 6

அன்புத் தம்பிக்கு,

ஒரு வாரமாகத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. கடிதம் கிடைத்திருக்கும். கோபமாகவும் இருப்பாய். இருக்கட்டும், நியாயம்தான்.

போன் போடவும் தயக்கமாக இருக்கிறது. நீ பேச நினைத்தால் நானே போய் நடுவில் புகுந்து முடித்துவிடுவேனோ என்று பயம்.

ஒரு சேதி மட்டும் சொல்லிவிடுகிறேன், சமாதானத்துக்காக அல்ல. நடந்ததை எங்கள் ஆராய்ச்சியின் தலைமை டாக்டரிடம் ஒளிக்காமல் சொன்னேன். என் தம்பி, என் கையெழுத்து, என் மறதி என்று. அவர் நாற்பத்தொன்றாவது கேள்வியைச் சேர்க்கச் சொல்லிவிட்டார். வெளியே போகக் கூடாது என்று யாராவது சொன்னார்களா, எதுவரை என்று சொன்னார்களா? இந்த வாரம் பன்னிரண்டு வீட்டில் கேட்டோம். ஒன்பது வீட்டில் எதுவரை என்று யாரும் சொல்லவே இல்லை. பேக்கரி மாஸ்டர் நேற்று மகனோடு தெருமுனைவரை போய் வந்தாராம்.

திட்டியாவது எழுது. உன் திட்டு இல்லாமல் சோறு இறங்கவில்லை.

உன் அக்கா


பிப்ரவரி 12, சாயங்காலம்

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு கடிதமும் வந்தன. வேண்டுமென்றுதான் பதில் எழுதவில்லை. முதல் இரண்டு நாள் உன்மேல் இருந்த கோபத்தில் பேனாவைத் தொட்டிருந்தால் காகிதம் கிழிந்திருக்கும். பதினான்கு மாதம், அக்கா. இந்தக் கோபத்தில் கொஞ்சம் மீதி வைத்திருக்கிறேன், நேரில் வரும்போது தீர்த்துக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை அவளுக்கு நானே வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. நடுவில் ஒரு வார்த்தைகூட அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. முடித்ததும் கைப்பையைத் திறந்து அந்த ரசீதை எடுத்துக் கொடுத்தாள். மடித்த இடமெல்லாம் கிழிந்து, டேப் ஒட்டியிருந்தது. உன் கோடும் அப்படியே இருந்தது.

அக்காதான் சொன்னாள் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்து மாற்றவில்லை.

"சொன்னா உங்களுக்கு அவங்க மேல கோபம் வரும். நீங்க மனசு விட்டுப் பேசற ஒரே ஆள் அவங்கதான். அதுவும் போயிட்டா என்ன பண்ணுவீங்க? என்மேல கோபம் வந்தா பரவால்ல, நான் இங்கயேதான இருக்கேன்."

நான் அழுதேன். நோய் வந்த பிறகு அழுகை சட்டென்று வந்துவிடுகிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ஆனால் இது நோய் அழுகை இல்லை. அவளை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று உனக்கு எழுதியதையும் சொல்லிவிட்டேன். தெரியும் என்றாள். அந்தக் கடிதத்தை மேஜையில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேனாம், உறையில் போட்டு ஒட்டி அனுப்பியதே அவள்தானாம். அதைப் படித்துவிட்டுத் தபாலில் சேர்த்திருக்கிறாள், அக்கா.

பிறகு நாற்காலி போட்டு ஏறிச் செருப்பை இறக்கினாள். வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு என்னோடு பஸ்ஸில் வந்தாள். படி உயரம்தான், ஆனால் இடது பக்கம் கம்பி இருக்கிறது. சனிக்கிழமை நான் மட்டும் இரண்டு ஸ்டாப் போய்த் திரும்பினேன். என்னைவிட அவளுக்குத்தான் பயம் அதிகம், ஆனால் வாசலில் வந்து நிற்கவில்லை. உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரே சட்டையை நான்கு தடவை மடித்திருப்பாள் போலிருக்கிறது.

இன்றைக்கு எட்டு இருபதுக்கே பட்டறையில் இருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்க நேரமானதால் பின்னால் ஒருவர் உச்சுக்கொட்டினார். கொட்டட்டும், என்னைப் பார்த்து வெளி ஆள் ஒருவர் சலித்துக்கொண்டு எத்தனை நாளாயிற்று. மேஜை ஜன்னலோரம். மீட்டரின் ஒரு முனையைப் போர்டில் கிளிப் போட்டு நிறுத்திவிட்டு மறுமுனையை இடது கையால் தொடுகிறேன். பத்து மணிக்குள் கை பழகிவிட்டது. பதினோரு போர்டு பார்த்தேன். நல்லது என்று முன்பே சீட்டுக் கட்டி வைத்திருந்த கதவுப் பூட்டு ஒன்றைக் கையில் வாங்கியதும் சந்தேகமாக இருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே தொடுமுனைகள் கருகி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. அது அப்படியே போயிருந்தால் கதவு திறந்திருக்கும்போதே லிப்ட் நகர்ந்திருக்கும். போர்மேன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான்கு நாள் எல்லாம் எதற்கு, நாளையிலிருந்து இது உன் மேஜை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான்கு மணிக்கு வேலை முடிந்தது. பழைய கூட்டாளிகள் நான்கு பேர் விடவில்லை, எதிர்க்கடையில் டீ. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், நானும் பேசினேன். பாதி அவர்களுக்குப் புரியவில்லை, என்ன சொன்னாய் என்று திரும்பக் கேட்டார்கள், திரும்பச் சொன்னேன். போன் பைக்குள் அடித்துக்கொண்டே இருந்தது என்பது பிறகுதான் தெரியும். வீடு வந்து சேரும்போது ஆறே முக்கால்.

கதவைத் திறந்தவள் என்னைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். "அஞ்சு மணிக்கு வந்துடுவேன்னு சொன்னீங்க, இப்ப மணி என்ன? ஒரு போன் பண்ணத் தெரியாதா? இந்த வீட்ல நான் ஒருத்தி உக்காந்திருக்கேன்னு நெனப்பு இருக்கா இல்லையா?" மூன்றாம் மாடியிலிருந்து கீழ்வீடு வரை கேட்டிருக்கும். நோய் வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் குரல் உயர்த்தியதே இல்லை. நானும் விடவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் நீ ஒரு நாளாவது சொன்ன நேரத்துக்குக் கிளம்பியிருக்கிறாயா என்று கேட்க வாயெடுத்தேன். 'கிளம்பி' என்ற இடத்தில் வார்த்தை சிக்கிக்கொண்டது. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அது வெளியே வரும்வரை ஒன்றும் பேசாமல் நின்றாள். நான் சொல்லி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து மறுபடி திட்ட ஆரம்பித்தாள்.

உன் தம்பி